பத்பராட்சா சஃபையர்: நிறம் பார்ப்பதிலிருந்து நகையில் பதிப்பது வரை முழுமையான வழிகாட்டி

இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றில் ஒன்று கரைந்து, எது எங்கே முடிகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாத நிறத்தில் இருக்கும் சஃபையரைப் பத்பராட்சா என்கிறார்கள். 2018இல் பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் இளவரசி யூஜீனியின் நிச்சயதார்த்த மோதிரத்தில் இந்தக் கல் இருந்ததைப் படங்களில் பார்த்த பிறகு, அதுவரை ரத்தின வியாபாரிகளும் சேகரிப்பாளர்களும் மட்டும் தேடிக்கொண்டிருந்த பெயரைப் பொதுமக்களும் கேட்கத் தொடங்கினார்கள். தேவை கூடியதும், சற்றே ஆரஞ்சு தட்டிய பிங்க் கற்கள் எல்லாமே பத்பராட்சா ஆகிவிட்டன. அதனால்தான் இந்த வழிகாட்டி.

வாங்க நினைப்பவர் ஒன்றை முதலில் மனத்தில் நிறுத்த வேண்டும். இது ஒரு நிறத்துக்குக் கொடுத்த பெயர். கனிமத்தின் பெயரும் அல்ல, ஊரின் பெயரும் அல்ல. எனவே கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: நிறம் சரிதானா? அந்த நிறம் கல்லின் சொந்த நிறம்தானா? முதல் கேள்விக்கு உங்கள் கண் பெருமளவு பதில் சொல்லும். இரண்டாவதற்குச் சோதனைக்கூடம்தான் பதில் சொல்ல முடியும். விற்பவர் சொல்லும் மற்ற கதைகளை இவற்றுக்குப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

கல்லின் அடிப்படை

மாணிக்கம், நீலம், புஷ்பராகம் என்ற பெயரில் கடைகளில் விற்கப்படும் மஞ்சள் சஃபையர், பத்பராட்சா எல்லாமே குருந்தம் என்ற ஒரே கனிமம்தான், அலுமினியம் ஆக்சைடு. சுத்தமான குருந்தத்துக்கு நிறமே கிடையாது. துளி குரோமியம் சேர்ந்தால் பிங்க் வரும், நிறையச் சேர்ந்தால் மாணிக்கச் சிவப்பு வரும். பத்பராட்சாவில் குரோமியம் தரும் பிங்க் நிறத்தோடு மஞ்சள் சாயல் ஒன்றும் கலந்திருக்கிறது. அந்த மஞ்சள் இரும்பினாலும் வரலாம், படிகத்துக்குள் மின்னணுக்கள் இடம் மாறியதால் உண்டாகும் நிற மையங்களாலும் வரலாம். இந்த இரண்டாவது வகையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் ஒரு பெரிய சிக்கலுக்கு இதுதான் வேர்.

மோஸ் அளவுகோலில் கடினத்தன்மை 9. இயற்கைக் கற்களில் வைரம் மட்டுமே இதைக் கீறும். அடர்த்தி எண் சுமார் 4.00, ஒளிவிலகல் எண் 1.762 முதல் 1.770 வரை. தினமும் அணியும் மோதிரத்துக்கு இந்தக் கல் தாராளமாகத் தாங்கும்.

படி 1: நிறத்துக்குக் கண்ணைப் பழக்குங்கள்

நகைக்கடை விளக்கின் கீழ் இந்தக் கல்லைப் பார்த்து முடிவு செய்யவே கூடாது. மஞ்சள் வெளிச்சம் தரும் விளக்குகள் வெறும் பிங்க் கல்லுக்கும் ஆரஞ்சு ஏற்றிக் காட்டும். கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வாருங்கள். நேர் வெயில் வேண்டாம், நிழலில் நின்று வானத்து வெளிச்சத்தில் பாருங்கள். காலை ஒன்பது, பத்து மணி நல்ல நேரம். மாலை வெயில் சிவந்துவிட்டால் அதுவும் ஏமாற்றும். நிறமுள்ள சட்டையின் சாயல்கூடக் கல்லில் விழும் என்பதால் கைக்கு அடியில் ஒரு வெள்ளைத் தாள் இருக்கட்டும்.

கல்லின் மேல்முகம் உங்களைப் பார்க்க வைத்து, இடது, வலது, முன், பின் என்று மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். எந்தக் கோணத்திலும் பிங்க், ஆரஞ்சு இரண்டுமே தெரிகின்றனவா? ஒரு பக்கம் சாய்த்தால் ஆரஞ்சு முழுதாக ஓடிவிடுகிறதா? அடுத்து, கல்லைக் கவிழ்த்து அடிப்புறத்தைப் பாருங்கள். சஃபையரில் நிறம் பட்டை பட்டையாகவும் திட்டுத் திட்டாகவும் படிவது வழக்கம். கெட்டிக்காரப் பட்டை தீட்டுநர் ஒரு சிறு ஆரஞ்சுத் திட்டைக் கல்லின் கீழ் முனையில் நிறுத்திவிட்டால், மேலிருந்து பார்க்கும்போது கல் முழுவதும் அந்த நிறம் பரவியதுபோல் தெரியும். இது மோசடி அல்ல, தொழில் நேர்த்திதான். ஆனால் மேலிருந்து வெறும் கண்ணால் பார்க்கும்போதே நிறம் ஒரு மூலையில் திரண்டு மற்ற இடம் வெளிறிக் கிடந்தால் அந்தப் பெயருக்கு அது தகுதி இழக்கிறது.

உலகின் முக்கியச் சோதனைக்கூடங்கள் சேர்ந்து பேசி ஓர் ஒத்திசைந்த வரையறை வைத்திருக்கின்றன: பகல் வெளிச்சத்தில் பிங்க் கலந்த ஆரஞ்சிலிருந்து ஆரஞ்சு கலந்த பிங்க் வரை, மென்மையான சாயலில், குறைவான அல்லது நடுத்தரச் செறிவில் இருக்க வேண்டும். பழுப்பு, ஊதா போன்ற வேறெந்தச் சாயலும் கலக்கக் கூடாது. 'மென்மையான' என்ற சொல்தான் உயிர். பளீரென்று எரியும் ஆரஞ்சும், கண்ணைப் பறிக்கும் அடர் பிங்க்கும் அழகான சஃபையர்களாக இருக்கலாம். பத்பராட்சா அல்ல.

ஒரே கல்லை இரண்டு நல்ல சோதனைக்கூடங்கள் இரு விதமாக அழைத்ததும் உண்டு. எல்லைக் கோட்டில் நிற்கும் கல்லுக்கு இது தவிர்க்க முடியாதது. என் தீர்ப்பு எளிது: பெயருக்காகப் பெரிய விலை கேட்கப்படும் கல், எல்லைக் கோட்டில் நிற்கக் கூடாது. எல்லையில் நிற்கும் கல் உங்களுக்குப் பிடித்திருந்தால் பிங்க் சஃபையர் விலைக்கு வாங்குங்கள். அப்போது அது நல்ல வியாபாரம்.

படி 2: முதலில் சஃபையர்தானா?

இதே நிறத்தில் வரும் வேறு கற்கள் பல. மார்கனைட் என்ற பிங்க் பெரில், ஸ்பைனல், டூர்மலின், டோபாஸ், சில கார்னெட்டுகள், கடைசியாகக் கண்ணாடி. மார்கனைட்டின் அடர்த்தி எண் 2.7 அல்லது 2.8தான். ஆகவே அதே அளவு சஃபையரைவிட மிக இலேசாக இருக்கும். ஒரு காரட் வட்டச் சஃபையர் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் குறுக்களவு கொண்டது. அதே 6 மில்லிமீட்டர் கல் ஒரு காரட்டுக்கு வெகு கீழே எடை காட்டினால் உடனே சந்தேகப்படுங்கள்.

ஸ்பைனலை ஒளிவிலகல் மானியில் வைத்தால் 1.718 அருகே ஒரே அளவு காட்டும், சஃபையர் இரண்டு காட்டும். டூர்மலினை 10 மடங்கு லென்ஸில் மேல்முகம் வழியே பார்த்தால் பின்பக்கப் பட்டைகளின் ஓரங்கள் இரட்டையாகத் தெரியும். இவை எல்லாம் ரத்தினவியல் படித்தவருக்குச் சில நிமிட வேலை. இந்தப் படியில் யாரும் ஏமாறத் தேவையில்லை.

செயற்கைச் சஃபையரைப் பிடிப்பது கொஞ்சம் கடினம், ஏனென்றால் அதுவும் குருந்தமேதான்; எண்கள் எல்லாம் பொருந்தும். பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னே தன் தீச்சுடர் முறையை 1902இல் வெளியிட்டார். அதே முறையில் இன்றும் கிலோக் கணக்கில் இந்த நிறக் கற்கள் உற்பத்தியாகின்றன. லென்ஸில் வளைந்த கோடுகளும் உருண்டைக் காற்றுக் குமிழிகளும் தெரிந்தால் அது ஆலையில் பிறந்த கல். இயற்கைக் கல்லின் வளர்ச்சிக் கோடுகள் நேராகவும் கோணம் கோணமாகவும் இருக்கும். 'பாட்டி காலத்து நகை' என்பது இயற்கைக் கல்லுக்குச் சான்று ஆகாது. பாட்டி காலத்திலேயே செயற்கைக் கல் வந்துவிட்டது.

படி 3: எங்கிருந்து வந்தது?

பத்பராட்சா என்றதும் இலங்கைதான். இந்தக் கல்லின் பெயரும் புகழும் அங்கேதான் பிறந்தன. இரத்தினபுரியைச் சுற்றிய பள்ளத்தாக்குகளில் வயலுக்கு அடியில், ஆற்றுப் படுகைக்கு அடியில், 'இல்லம்' எனப்படும் சரளைப் படிவு இருக்கிறது. மலைநாட்டின் உருமாறிய பாறைகளில் ஏறக்குறைய 50 கோடி ஆண்டுகளுக்கும் முன் விளைந்த குருந்தம், பாறை சிதைந்து உதிர்ந்தபின் நீரோட்டத்தில் உருண்டு, கனமாக இருப்பதால் இந்தச் சரளையில் தங்கிவிட்டது.

அதை எட்டக் குழி வெட்டுகிறார்கள். 15 அடியில் சரளை கிடைப்பதும் உண்டு, 80 அடி வரை இறங்க வேண்டியதும் உண்டு. சதுரமாகவோ நீள்சதுரமாகவோ வெட்டிய குழியின் சுவர் சரியாமல் இருக்க மரக்கட்டைகளைக் குறுக்கே கொடுத்து, அவற்றுக்குப் பின்னால் பெரணி இலைகளைத் திணிக்கிறார்கள். இலை மண்ணைத் தடுக்கும், தண்ணீரைக் கசிய விடும். கசியும் தண்ணீரை இறைக்க எந்நேரமும் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். மேலே வந்த சரளையைப் பிரம்புக் கூடையில் இட்டு, இடுப்பளவு நீரில் நின்று சுழற்றுவார்கள். மண்ணும் இலேசான கற்களும் விளிம்பு தாண்டிப் போய்விட, கனமான கற்கள் கூடையின் நடுவில் திரளும். அந்தக் கூடையைச் சாய்த்துப் பிடித்து ஒருவர் விரலால் துழாவிப் பார்ப்பதுதான் எல்லாரும் காத்திருக்கும் நேரம். கிடைத்த கல்லின் பணம் நிலத்துக்குரியவர், அனுமதிப் பத்திரம் வைத்திருப்பவர், பம்ப் போட்டவர், குழியில் இறங்கியவர்கள் என்று பங்காகப் பிரியும். கந்துவட்டியும் கடனும் சூழ்ந்த தொழில்களைப் பார்த்துப் பழகிய நமக்கு, இந்தப் பங்கு முறை மதிப்போடு கவனிக்க வேண்டிய ஒன்று.

மற்ற இடங்களில் மடகாஸ்கர் முதன்மையானது. 1998இல் அந்த நாட்டின் தெற்கே இலகாகா வட்டாரத்தில் பெரும் படிவு தெரியவந்தது. அங்கிருந்து ஏராளமான பிங்க், ஆரஞ்சு சஃபையர்கள் வருகின்றன. தான்சானியாவின் உம்பா பள்ளத்தாக்குக் கற்கள் பெரும்பாலும் அடர்த்தியாகவும் பழுப்புத் தட்டியும் இருக்கும். வியட்நாமிலிருந்தும் கொஞ்சம் வருகிறது. பழைய வியாபாரிகள் சிலர் இலங்கைக் கல்லை மட்டுமே பத்பராட்சா என்பார்கள். சோதனைக்கூடங்கள் இப்போது அப்படிப் பார்ப்பதில்லை, எந்த நாட்டுக் கல்லாக இருந்தாலும் நிறம் பொருந்தினால் போதும். இலங்கைக் கல்லுக்குச் சந்தையில் கூடுதல் விலை உண்டு என்பது நிஜம். நிறம் மங்கிய இலங்கைக் கல்லைவிட நிறம் நிறைந்த மடகாஸ்கர் கல்லையே நான் தேர்ந்தெடுப்பேன்.

படி 4: அந்த நிறம் யார் கொடுத்தது?

வழிகாட்டியின் மையம் இதுதான், இங்கே அவசரப்படாதீர்கள்.

சாதாரணச் சூடேற்றல் பழைய வழக்கம். ஊதாச் சாயல் கலந்த பிங்க் கல்லை மிதமான சூட்டில் வைத்தால் நீலம் நீங்கித் தெளிவான நிறம் கிடைக்கும். அதிக வெப்பத்தில் சூடேற்றிய கல்லை நுண்ணோக்கியில் கண்டுபிடிக்கலாம். உள்ளே நீண்ட பட்டிழைகள்போல் இருக்கும் ரூட்டைல் என்ற கனிமத்தின் ஊசிகள் கரைந்து புள்ளிகளாகிவிடும். சிறு படிகங்களைச் சுற்றி வட்டத் தட்டுபோல் விரிசல் விழும். குறைந்த வெப்பத்தில் சூடேற்றியதைக் கண்டுபிடிப்பது சிரமம். அதற்குக் கருவிகள் வேண்டும். சூடேற்றியது என்பதால் மட்டும் ஒரு கல் பத்பராட்சா என்ற பெயரை இழப்பதில்லை. ஆனால் சூடேற்றாத கல்லின் விலை வெகுவாகக் கூடுதல். எது என்று சொல்லித்தான் விற்க வேண்டும்.

பெரிலியம் என்ற தனிமத்தைக் கல்லுக்குள் ஊடுருவச் செய்வது வேறு கதை. 2001ஆம் ஆண்டின் இறுதியில் தாய்லாந்தின் சந்தாபுரியில் சூடேற்றிய ஆரஞ்சு கலந்த பிங்க் கற்கள் திடீரென்று சந்தையில் குவிந்தன. அத்தனை காலம் அரிதாக இருந்த நிறம் எப்படி இவ்வளவு கிடைக்கும் என்ற சந்தேகம் எழுந்தது. 2002 ஜனவரியில் அமெரிக்க ரத்தின வணிகச் சங்கம் எச்சரிக்கை வெளியிட்டது. ஆராய்ந்தபோது காரணம் தெரிந்தது: மடகாஸ்கரின் பிங்க் சஃபையர்களோடு கிரைசோபெரில் என்ற பெரிலியம் கொண்ட கல்லும் உலைக்குள் சேர்ந்து வெந்திருந்தது. கடும் வெப்பத்தில் பெரிலியம் ஆவியாகிச் சஃபையருக்குள் புகுந்து, வெளியிலிருந்து உள்நோக்கி ஆரஞ்சு நிறத்தை ஏற்றியிருந்தது.

இப்படிப்பட்ட கல்லைத் திரவத்தில் அமிழ்த்திப் பக்கவாட்டில் பார்த்தால், நடுவில் பிங்க் கரு, அதைச் சுற்றிக் கல்லின் வெளி வடிவத்தை அப்படியே பின்தொடரும் ஆரஞ்சு விளிம்பு தெரியும். பார்த்தவுடன் புரிந்துவிடும், ஏனென்றால் பட்டை தீட்டிய வடிவம் மனிதன் கொடுத்தது, இயற்கை நிறம் அதைப் பின்பற்ற வழியே இல்லை. ஆனால் பெரிலியம் கல் முழுவதும் பரவிவிட்டால் இந்த விளிம்பும் தெரியாது. அப்போது லேசர் கொண்டு மிக நுண்ணிய அளவு பொருளை ஆவியாக்கி, பத்து லட்சத்தில் சில பங்கு பெரிலியத்தையும் அளக்கும் கருவிதான் கதி. லென்ஸை வைத்துக்கொண்டு 'பெரிலியம் இல்லை' என்று உறுதி கூறுபவரை நம்பாதீர்கள். அவர் நேர்மையானவராகவே இருந்தாலும் லென்ஸால் அது முடியாது.

பெரிலியம் ஏற்றிய கல், கதிரியக்கத்தால் நிறம் மாற்றிய கல், சாயமோ பூச்சோ ஏற்றிய கல் எதற்கும் பத்பராட்சா என்ற பெயர் கிடையாது. விரிசல்களில் இயற்கையாகவே மஞ்சள் கறை படிந்து, அந்தக் கறையால் ஆரஞ்சாகத் தெரியும் கல்லுக்கும் கிடையாது.

படி 5: நிறம் நிற்குமா?

முன்பு சொன்ன நிற மையங்களுக்கு இப்போது வருவோம். சில சஃபையர்களில் மஞ்சள் சாயல் நிலையானதல்ல. புறஊதா ஒளி பட்டால் தூண்டப்பட்டு ஆரஞ்சாகும். பலமான வெளிச்சத்தில் சில மணி நேரம் இருந்தால் ஆரஞ்சு மறைந்து வெறும் பிங்க் மிஞ்சும். 2016இல் மடகாஸ்கரின் அம்பாதொந்திரசாகா அருகே புதிய படிவு கிடைத்து, அங்கிருந்து அழகான பத்பராட்சா நிறக் கற்கள் வந்தபோது இந்தச் சிக்கல் பெரிதாக வெளிப்பட்டது. அவற்றில் பல, சோதனையில் பிங்க்காக மாறின. அதன் பிறகு முக்கியச் சோதனைக்கூடங்கள் நிறநிலைச் சோதனை செய்த பிறகே இந்தப் பெயரைக் கொடுக்கின்றன.

வாங்குபவருக்கு இதன் பொருள்: சோதனைக்கூடம் தந்த பழைய அறிக்கை போதாது. அந்தச் சோதனை வழக்கத்துக்கு வருவதற்கு முன் எழுதப்பட்ட அறிக்கையோடு கல் வந்தால், புதிதாக ஒன்று எடுத்துத் தரச் சொல்லுங்கள். மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம். எந்தக் கல்லாக இருந்தாலும் முடிவு செய்யும் முன் இரண்டு வேறு நாள்களில் பாருங்கள், ஒரே வெளிச்சத்தில்.

படி 6: அறிக்கையைப் படிக்கும் முறை

ஜிஐஏ, எஸ்எஸ்இஎஃப், குபெலின், லோட்டஸ் ஜெமாலஜி ஆகியவை இந்தக் கல்லுக்கு உலகச் சந்தை நம்பும் சோதனைக்கூடங்களில் சில. ஜிஐஏவுக்கு மும்பையில் ஆய்வகம் இருக்கிறது. இலங்கையில் தேசிய ரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபை கற்களைச் சோதித்துத் தருகிறது.

அறிக்கையில் முதலில் எடையையும் மில்லிமீட்டர் அளவுகளையும் கையில் உள்ள கல்லோடு ஒப்பிடுங்கள். நல்ல அறிக்கையை மட்டமான கல்லோடு சேர்த்து விற்பதுதான் மிகப் பழைய தந்திரம். பிறகு அறிக்கை எண்ணைச் சோதனைக்கூடத்தின் இணையதளத்தில் இட்டுப் பாருங்கள். அடுத்து, வகை என்ற இடத்தில் பத்பராட்சா என்று எழுதியிருக்கிறதா, அல்லது 'பிங்க் கலந்த ஆரஞ்சு சஃபையர்' என்று நிறம் மட்டுமா? இரண்டாவது என்றால், வாய்ப்பு இருந்தும் அந்தப் பெயரைச் சோதனைக்கூடம் தரவில்லை என்று பொருள். கடைசியாகச் செயல்முறைக் குறிப்பு: சூடேற்றிய அறிகுறி இல்லை, சூடேற்றப்பட்டது, பெரிலியம் ஏற்றப்பட்டது, இந்த மூன்றில் எது? நாட்டின் பெயர் சோதனைக்கூடத்தின் கருத்து மட்டுமே. அறிக்கைகளே அப்படித்தான் குறிப்பிடுகின்றன.

படி 7: சந்தையில்

இலங்கைக்குப் போகும் தமிழருக்கு ஒரு வசதி. பேருவளையின் சீனன்கோட்டைச் சந்தையில் வியாபாரிகளில் பெரும்பாலோர் முஸ்லிம்கள், வீட்டிலும் கடையிலும் தமிழ் பேசுபவர்கள். மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. தரகர் மடித்த வெள்ளைத் தாளைப் பிரித்து மேசையில் வைப்பார். நீங்கள் இடுக்கியால் கல்லை எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோவீர்கள். விலையைக் கேட்டுவிட்டுப் பதில் விலை சொன்னால், அவர் ஒப்புக்கொண்ட பிறகு பின்வாங்குவது அங்கே மரியாதைக் குறைவு. ஆகவே வாங்கும் எண்ணம் இல்லாத கல்லுக்கு விலை சொல்லாதீர்கள். 'அழகான கல், எனக்கு இதைவிட ஆரஞ்சு வேண்டும்' என்று திருப்பிக் கொடுத்தால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள். அறிக்கை இல்லாத கல்லுக்குச் சோதனையில் தேறினால் மட்டுமே பணம் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

கல் வெட்டப்பட்ட விதத்தையும் கவனியுங்கள். எடை குறையக் கூடாது என்று அடிப்புறத்தைத் தொந்தியாக விடுவது அங்கே வழக்கம். நீங்கள் கொடுக்கும் பணம் கண்ணுக்குத் தெரியாத அந்த அடிப்புறத்துக்கும் சேர்த்துத்தான். நேர்மாறாக, தட்டையாக வெட்டிய கல்லின் நடுவே எழுத்து வாசிக்கும்படி வெறுமை தெரியும். இந்த மென்மையான நிறத்துக்கு அது பெரிய குறை, இருக்கும் கொஞ்சம் நிறமும் ஒழுகிப்போகும்.

தாமரையும் சூரியனும்

இந்தக் கல்லின் நிறத்தை இலங்கையில் தாமரையோடு சேர்த்தே பேசுவார்கள். புத்தர் முன் வைக்கப்படும் மலர், நம் வழக்கில் திருமகள் அமர்ந்த மலர். சேற்றில் பிறந்து சேறு ஒட்டாத தூய்மையை இந்தக் கல்லில் காண்பது அந்த மண்ணுக்கு இயல்பானது. மேற்கில் இது இப்போது நிச்சயதார்த்தக் கல்; சஃபையர் என்ற கணக்கில் செப்டம்பரில் பிறந்தவர்களுக்கு உரியது.

நம் ஊரில் ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். சிலப்பதிகாரத்தின் மதுரை ரத்தினக் கடைத்தெருவில் வரும் பதுமம் மாணிக்கத்தின் ஒரு சாதி. பழைய நகைப் பட்டியல்களில் பத்மராகம் என்று இருந்தாலும் அது பெரும்பாலும் சிவந்த மாணிக்கமே. இன்றைய பத்பராட்சா வேறு. நவரத்தின வரிசையில் சூரியனுக்கு மாணிக்கம், சனிக்கு நீலம் என்று இடம் உண்டு. பத்பராட்சாவுக்கென்று அதில் தனி இடம் இல்லை. 'மாணிக்கத்துக்குப் பதில் இதை அணியலாம்' என்று ராசி சொல்லி யாராவது விலையேற்றினால் அந்தக் கூடுதல் விலையைக் கொடுக்காதீர்கள். இந்தக் கல்லை வாங்க அதன் நிறமே போதுமான காரணம்.

படி 8: பதிப்பதும் பராமரிப்பதும்

மஞ்சள் தங்கமும் ரோஸ் தங்கமும் கல்லின் ஆரஞ்சைத் தூக்கிக் காட்டும். பிளாட்டினமும் வெள்ளைத் தங்கமும் பிங்க்கைத் தூக்கிக் காட்டும். பிங்க் மிகுந்த கல்லை மஞ்சள் தங்கத்தில் வைத்தால் சமன் கிடைக்கும் என்பது என் விருப்பம். நம் மரபுப்படி அடியில் தகடு வைத்து மூடிக் கட்டும் முறை இதற்கு ஏற்றதல்ல. ஒளி பின்னாலிருந்து நுழைய வேண்டும். அதே காரணத்தால், மூடிக் கட்டிய நகையில் இருக்கும் கல்லைப் பத்பராட்சா என்று வாங்காதீர்கள், தகட்டின் நிறமே கல்லின் நிறமாகத் தெரியலாம்.

வெதுவெதுப்பான நீர், மென்மையான சோப்பு, மிருதுவான பல் துலக்கி. சுத்தம் செய்ய இவ்வளவுதான். முத்து, மரகதத்தோடு ஒரே பெட்டியில் போடாதீர்கள், இது அவற்றைக் கீறிவிடும். வைரம் இதைக் கீறிவிடும்.

மோதிரத்தை அளவு மாற்றக் கொடுக்கும்போது, கல்லைக் கழற்றிவிட்டுத்தான் பற்றாசு வைக்க வேண்டும் என்று ஆசாரியிடம் நேரில் சொல்லுங்கள். கடினமான கல்தானே என்று அப்படியே தீயைக் காட்டுபவர்கள் உண்டு. வெண்காரம் ஒட்டிய குருந்தத்தைச் சூடேற்றினால் அதன் பளபளப்பான மேற்பரப்பு அரித்துப்போகும். மீண்டும் பட்டை தீட்டி எடை இழக்க நேரும். சூடேற்றாத கல் என்று விலை கொடுத்து வாங்கியதைப் பட்டறைத் தீயில் காட்டக் கூடாது என்பது தனியே சொல்ல வேண்டியதில்லை. கழற்றிய கல்லை அங்கேயே எடை போட்டு, அறிக்கையில் உள்ள எடையோடு சரிபார்த்து, ரசீதில் எழுதி வாங்குங்கள். திரும்பப் பதிக்கும் முன் இன்னொரு முறை எடை போடச் சொல்லுங்கள்.